பனிநிலத்துக்கு ஒரு தோம்பு

நிலத்தை அதிலே வளர்வனவற்றின் பெயரால் அழைப்பது தமிழர் மரபு. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்னும் ஐந்தும் முதலிற் பூவுக்கும் மரத்துக்கும் உரிய பெயர்களே; நிலத்துக்குப் பின்னர் ஆகிவந்தன. நமது குடாநாட்டிலும் நாவற்குழி, மருதங்கேணி, தாழையடி, புளியங்கூடல் என ஊர்ப்பெயரைச் சொல்லும்போதே அவ்விடத்தில் ஒருகாலத்து நின்றது யாது என்பது புலனாகின்றது. ஆதலின், செடிகொடிகளைக் கொண்டு நிலத்தை வகுத்துக் காட்டுதல் நமக்குப் புதுமையன்று. ஆயினும், ஆண்டு முழுவதும் உறைபனி மூடிக் கிடக்கும் துருவ நிலத்துக்கு நம் முன்னோர் திணை வகுத்திலர். அங்கே பெயர் கொடுக்கத்தக்க பூவும் இல்லை. பெயரிட்டு வாழ மக்களும் இல்லை.

அத்தகைய நிலத்துக்கு 2024 ஆம் ஆண்டில் ஒரு தாவர வரைபடம் கிடைத்தது. எடின்பரோப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரும் அவரோடு சேர்ந்த பிறநாட்டு அறிஞரும், ஐரோப்பியச் செய்மதிகள் 2017 முதல் 2023 வரை எடுத்த படங்களை ஆராய்ந்து, தெற்கு நோக்கி 60 பாகைக்கு அப்பாலுள்ள அந்தாட்டிக்காக் கண்டத்திலும் அதனைச் சூழ்ந்த தீவுகளிலும் பச்சை எங்கெங்கே உண்டு என்று குறித்தனர். அவர்கள் கண்ட பச்சை முழுவதையும் கூட்டினால் 44.2 சதுர கிலோமீற்றர். அஃதாவது, நமது நெடுந்தீவின் பரப்பினும் சற்றுக் குறைவு. ஒரு பெருங்கண்டத்தின் பசுமை அனைத்தும் நெடுந்தீவுக்குள் அடங்கிவிடும்! பனி மூடாத நிலம் என அவர்கள் ஆராய்ந்த பகுதியிலே, பதினாயிரம் பரப்புக்குப் பன்னிரண்டு பரப்பே பச்சை. அதிலும் பாதிக்கு மேற்பட்டது தென் செற்லாந்துத் தீவுகள் என்னும் ஒரு தீவுக்கூட்டத்தில் இருக்கின்றது.

இச்செய்தியை வகுப்பில் எடுத்துரைத்தபோது மாணவன் ஒருவன், "ஐயா, ஆருமில்லாத இடத்திலை பாசியை அளந்து ஆருக்கு என்ன பயன்?" என்று வினாவினான். நல்ல வினா. அதற்கு அன்று இரண்டு வாக்கியத்தில் விடை சொன்னேன். விரிவாகச் சொல்லவேண்டியதை இங்கே எழுதுகின்றேன்.

தோம்பு என்றால் என்ன?

ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரங்களை ஆண்ட காலத்தில் தோம்பு என்னும் பதிவேடுகளை எழுதுவித்தனர். காணி எது, உடையவர் யார் என்பனவற்றோடு, அக்காணியில் நின்ற பயன்தரு மரங்களையும் கணக்கிடும் வழக்கம் அவற்றிலே இருந்தது. வரி வாங்குதலே அவர்தம் நோக்கம் என்பது உண்மை. எனினும், வரிக்காக எழுதிய ஏடு பின்வந்தோருக்கு வரலாற்று ஏடாயிற்று. காணி வழக்கொன்று எழும்போது வழக்கறிஞர் முதலிற் கேட்பது, பழைய உறுதி உண்டா என்பதே. எல்லைக்கல் நகர்ந்தது என்று ஒருவன் முறையிட்டால், அது முன்பு எங்கே நின்றது என்பதற்குச் சான்று வேண்டும். முதற்பதிவு இல்லாதவன் தன் இழப்பை மெய்ப்பிக்கமாட்டான்.

அந்தாட்டிக்காவின் புதிய வரைபடம் இத்தகைய முதற்பதிவே. அக்கண்டம் முழுமைக்கும் தாவரக் கணக்கு அதற்கு முன்னர் இருந்ததில்லை. வடதுருவத்துக்கோ முன்னரே ஒன்று உண்டு. பல நாட்டுத் தாவரவியலாரும் கூடி, மரவெல்லைக்கு வடக்கேயுள்ள ஆட்டிக் நிலத்தை எழுபத்தைந்து இலட்சத்தில் ஒரு பங்காகச் சுருக்கி வரைந்த படம் 2003 இல் வெளிவந்தது. 2019 இல் அது திருத்தமும் பெற்றது. அங்கே ஏறத்தாழ 71 இலட்சம் சதுர கிலோமீற்றர் நிலத்திலே 50 இலட்சம் தாவரம் போர்த்தது. புல்லும் குறுஞ்செடியும் பாசியும் பரந்து கிடக்கும் அந்நிலத்தைப் பருமட்டான படத்திலும் காணலாம். தென்துருவத்துப் பச்சையோ பாறை இடுக்கிலும் கரையோரத்திலும் சிறுசிறு திட்டுக்களாய்ச் சிதறியது. அதனைக் காண நுண்ணிய கண் வேண்டியிருந்தது.

ஏழு குழிக் கட்டம்

அக்கண்ணின் நுண்மையை நம் நில அளவையாற் சொல்லுகின்றேன். செய்மதி நிலத்தைச் சிறுசிறு கட்டங்களாகவே காண்கின்றது. ஒரு கட்டத்துக்குள் இருப்பதெல்லாம் அதற்கு ஒரே புள்ளி. 1972 முதல் அமெரிக்கர் விண்ணுக்கு அனுப்பிவரும் லாண்ட்சற் வரிசைச் செய்மதிகளின் படங்களில், 1980 களிலிருந்து ஒரு கட்டம் 30 மீற்றர்ச் சதுரம். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்னும் நம் வீட்டுநிலக் கணக்கில் அஃது ஏறத்தாழ மூன்றரைப் பரப்பு. 2015 இலும் 2017 இலும் ஐரோப்பியர் ஏவிய சென்ரினல் செய்மதிகளின் கட்டம் 10 மீற்றர்ச் சதுரம்; ஒரு பரப்புக்குப் பதினெட்டுக் குழி என்று கொண்டால், அஃது ஏழு குழி. ஒரு சிறிய வீட்டின் அடிநிலம் என்னலாம். புதிய வரைபடம் இந்த ஏழு குழிக் கட்டத்திலே வரையப்பட்டது.

இனி, பச்சையை அது காணும் முறை வியக்கத்தக்கது. இலை பச்சையாகத் தோன்றுவது ஏன்? இலையிலுள்ள பச்சையம் தன் ஒளித்தொகுப்புக்காகச் செவ்வொளியையும் நீலவொளியையும் உண்டு, பச்சையொளியிற் பெரும்பங்கை மிச்சம் விடுகின்றது. அம்மிச்சத்தையே நம் கண் நிறமென்று கொள்கின்றது. ஆனால், செவ்வொளிக்கு அடுத்து, மானிடர் கண்ணுக்குப் புலனாகாத செங்கீழ்க் கதிர் என்று ஒன்று உண்டு. அதனை உயிருள்ள இலை உண்பதில்லை, மிகுதியாகத் திருப்பியெறியும். ஆகவே, ஓரிடத்திலிருந்து செங்கீழ்க் கதிர் மிகுதியாகவும் செவ்வொளி குறைவாகவும் மீண்டுவந்தால், அங்கே பச்சையம் உண்டு எனத் துணியலாம். இவ்விரண்டன் வேறுபாட்டை இவ்விரண்டன் கூட்டுத்தொகையால் வகுத்து வரும் எண்ணே தாவரச் சுட்டெண். பச்சைச் சாயம் பூசிய தகரக்கூரை நம் கண்ணை ஏமாற்றும். இந்தச் சுட்டெண்ணை ஏமாற்றாது.

ஆயினும், துருவத்திலே இதற்கும் இடர் பல. குளிர்காலத்தில் ஞாயிறு எழுவதேயில்லை. கோடையிலும் அது தொடுவானத்தை ஒட்டிச் செல்வதால் மலைநிழல் நீண்டு விழும். கடலோரத்தை முகில் மறைக்கும். பனியின் வெண்மை கட்டத்துக்குள் கலந்து பச்சையின் குரலை அமுக்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக, அங்கு வாழும் தாவரங்களும் நம் வேம்பும் மாவும் போல்வன அல்ல. அந்தாட்டிக்காவுக்கு உரிய பூக்கும் தாவரங்கள் இரண்டே. ஒன்று ஒருவகைப் புல், மற்றையது மெத்தைபோற் படரும் ஒரு குறுஞ்செடி. எஞ்சியன பாசியும் அல்காவும் இலைக்கனுமே.

பாசி என்னும் ஒரு சொல்லால் நாம் இவை மூன்றையும் சுட்டிவிடுகின்றோம். பசுமை என்பதன் அடியாகப் பிறந்த அச்சொல் நிறத்தை நோக்கியது, குலத்தை நோக்கியதன்று. கிணற்றுக் கட்டிலே மெத்தென்று படிவதும் பாசி. குளத்து நீரில் மிதக்கும் அல்காவும் பாசி. செட்டிநாட்டார் கறிக்கு இடும் கல்பாசியோ உண்மையில் இலைக்கன். தாவரவியலார்க்கு இவை வெவ்வேறு. முதலாவது வேரற்ற சிறு தாவரம். இரண்டாவது அதனினும் எளிய உயிர். மூன்றாவது பூஞ்சணமும் அல்காவும் கூடிவாழும் ஒரு கூட்டுக்குடும்பம். செய்மதிக்கோ இவற்றைப் பிரித்தறிவது எளிதன்று. கருநிற இலைக்கன்கள் பாறையின் நிறத்தோடு ஒன்றிப்போதலின், அவற்றைத் தம் கணக்கிற் சேர்க்கவில்லை என்று ஆராய்ச்சியாளரே எழுதியுள்ளனர். இந்நேர்மை எனக்கு உவப்பானது. ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்போர் சிதைந்த இடத்தைத் தம் கற்பனையால் நிரப்பாது, சிதைந்தது என்றே குறித்துவைத்தல் முறை. விட்டது இன்னது என்று சொல்லும் கணக்கையே பின்வருவோர் நம்பித் திருத்த முடியும்.

விண்ணிலிருந்து பார்த்ததை மண்ணிலே சரிபார்த்தலும் வேண்டும். இவ்வாராய்ச்சியிலே கோடை மாதங்களில் நேரிற் சென்று அளந்த அளவுகளோடு செய்மதிப் படங்கள் ஒப்புநோக்கப்பட்டன. மூலச்சுவடியோடு படியை ஒப்பிடாமல் பாடம் துணிதல் எவ்வளவு பிழையோ, அவ்வளவு பிழை நிலத்தை மிதியாமற் படத்தை மட்டும் நம்புதல்.

பதினான்கு மடங்கு என்பதன் பொருள்

அதே 2024 ஆம் ஆண்டில் வேறோர் ஆராய்ச்சியும் வெளிவந்து, பத்திரிகைகளிற் பெரிதும் பேசப்பட்டது. எக்செற்றர், ஹேட்ஃபோட்சயர் ஆகிய பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தோரும் பிரித்தானிய அந்தாட்டிக்கா ஆய்வு நிலையத்தாரும் லாண்ட்சற் படங்களை ஆராய்ந்து, அந்தாட்டிக்காக் குடாநாட்டின் தாவரப் பரப்பு 1986 இல் ஒரு சதுர கிலோமீற்றருக்கும் குறைவாக, அஃதாவது 0.86 ஆக இருந்தது என்றும், 2021 இல் அது 11.95 ஆயிற்று என்றும் காட்டினர். ஏறத்தாழப் பதினான்கு மடங்கு. 1986 முதலான காலம் முழுவதையும் நோக்க, 2016 முதல் 2021 வரையான ஐந்தாண்டில் வளர்ச்சியின் வேகம் மூன்றிலொரு பங்கு கூடியதாகவும் கண்டனர்.

இதனைக் கேட்டவுடன் இருவகையான தவறு நேர்கின்றது. ஒருசாரார், பனிக்கண்டம் சோலையாகின்றது, நன்று என மகிழ்கின்றனர். மற்றொருசாரார், ஊழிக்காலம் வந்துவிட்டது என அலறுகின்றனர். இருசாராரும் மடங்கைக் கேட்டனர், அளவைக் கேட்டிலர். யாழ்ப்பாண மாநகர எல்லைக்குட்பட்ட நிலம் ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர். அதிற் பாதிக்குச் சற்று மேற்பட்டதே அக்குடாநாட்டின் பதினான்கு மடங்கான பச்சை முழுவதும். சோலையும் இல்லை, காடும் இல்லை, பெரும்பாலும் பாசிமெத்தை.

அவ்வாறாயின், பொருட்படுத்தத் தக்கது யாது? அங்கு வெப்பம் கூடுகின்றது என்பதற்கு வெப்பமானி ஒரு சாட்சி. இப்பாசி மற்றொரு சாட்சி. வெப்பமானி வைத்த இடத்தின் செய்தியை மட்டும் அது கூறும். பாசியோ, எங்கெங்கே பனி விலகி, நீர் நின்று, குளிர் தளர்ந்ததோ அங்கெல்லாம் தானே சென்று பதிகின்றது. பாசி படர்ந்த இடத்தில் அதன் மக்கு சேர்ந்து மண் உருவாகும். மண் உருவாயின், வேற்றுநிலத்து விதை அங்கே பிழைக்க இடமுண்டு. ஐரோப்பாவிலிருந்து சென்ற ஒருவகைப் புல் ஏற்கெனவே அங்கே கால்கொண்டுள்ளது. 2023-24 பருவத்தில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர் உலாச் சென்ற இடம் அது. அவர்தம் சப்பாத்தின் அடியில் ஒட்டிய மண்ணிலே எந்த நாட்டு விதை இருக்கும் என்பதை யார் அறிவார்?

படத்தைப் படிப்போர்க்கு மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. இதனைச் சண்டிலிப்பாயிலேயே காட்டலாம். கார்த்திகை கழிந்து வழுக்கையாற்றில் நீர் ஓடும் காலத்தில் எங்கள் ஊரை விண்ணிலிருந்து படம் எடுத்தால், வயலெல்லாம் பச்சைக் கடல். ஆடியிலே அதே இடத்தைப் படம் எடுத்தால் வெறுந்தரை. கிணற்றுக் கட்டுப் பாசியும் மாரியிற் பசுத்து, சித்திரையிற் கருகும். இவ்விரண்டு படங்களையும் அருகருகே வைத்து, சண்டிலிப்பாய் பாலைவனமாயிற்று என்று ஒருவர் எழுதிவிடலாம். படம் பொய்யன்று, முடிவு பொய். ஆகவே, ஒரே பருவத்துப் படங்களையே ஆண்டுதோறும் ஒப்பிடவேண்டும். ஓராண்டு வேறுபாட்டை மாற்றம் எனலாகாது. முப்பத்தைந்து ஆண்டு ஒரே திசையிற் சென்றால் மாற்றம் எனலாம்.

உடையவன் இல்லாத காணி

தோம்புக்குரிய காணிக்கு உடையவன் உண்டு. அந்தாட்டிக்காவுக்கோ இல்லை. ஏழு நாடுகள் அங்கு உரிமை கோருகின்றன. எனினும், 1959 இல் கைச்சாத்தாகி 1961 இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை அவ்வுரிமைக் கோரிக்கைகளை அப்படியே நிறுத்திவைத்தது. 1991 இல் எழுதப்பெற்று 1998 இல் நடைமுறைக்கு வந்த மற்றோர் ஒப்பந்தம் அங்கே கனிப்பொருள் அகழ்வதைத் தடுத்து, அந்நிலத்தின் உயிர்களைப் பேணவும் விதி வகுத்தது. ஆனால், எதனைப் பேணுவது? பாசி எங்கே இருக்கின்றது என்று அறியாதவன் அதனை மிதியாமல் நடப்பது எப்படி? காப்பிடங்களை வரையறுக்கவும், உல்லாசப் பயணிகளை விலக்கி நடத்தவும், கட்டடத்துக்கு இடம் தெரியவும் இவ்வரைபடம் வேண்டப்படும்.

நம் அயல்நாடாகிய இந்தியாவும் இதிலே பங்குடையது. அங்கே 1989 இல் மைத்திரி என்னும் நிலையத்தையும் 2012 இல் பாரதி என்னும் நிலையத்தையும் அது நிறுவியது. பாரதி நிலையத்தின் அயலில் எடுக்கப்பெற்ற ஒரு பாசி, பஞ்சாப் மத்தியப் பல்கலைக்கழகத்தாரின் ஆராய்ச்சியினால் முன்னர் அறியப்படாத இனம் என்று துணியப்பட்டு, 2021 இல் அந்நிலையத்தின் பெயரையே பெற்றது. பாறையும் பனியுமான அவ்விடத்திலே பாசிக்கு உரம் ஏது என்று ஆராய்ந்தோர், பென்குவின் பறவைகளின் எச்சமே என்றனர். 2024 மே மாதத்தில் உடன்படிக்கை நாடுகளின் கூட்டம் கேரளத்துக் கொச்சியிலே கூடி, உல்லாசப் பயணத்தை ஒழுங்குபடுத்துவது பற்றியும் ஆராய்ந்தது. நமக்குச் சில நூறு மைல் தொலைவிலே நடந்த பேச்சு அது.

மாணவன் கேட்ட வினாவுக்கு வருவோம்: ஆருக்கு என்ன பயன்? யாழ்ப்பாணக் குடாநாடு தாழ்ந்த சுண்ணக்கல் நிலம். நாம் குடிக்கும் நன்னீர், மழைநீர் கல்லினூடு இறங்கிக் கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்பது. கடல்மட்டம் ஏறுமாயின் உவரும் ஏறும். அந்தாட்டிக்காப் பனிப்போர்வை முழுவதும் உருகினால் உலகக் கடல் ஏறத்தாழ 58 மீற்றர் உயரும் என்பது கணக்கு. அது நாளை நடப்பதன்று. பல நூற்றாண்டுக் கதை. ஆயினும், அதில் நூற்றிலொரு பங்கு நம் கிணறுகளுக்குப் போதும். பாசி கடலை உயர்த்தாது. அங்கே குளிர் தளர்கின்றது என்பதை நமக்கு அறிவிக்கும் பல சாட்சிகளுள் அதுவும் ஒன்று. சாட்சியின் சொல்லை எழுதிவைத்தல் அறிவுடையார் செயல்.

நம் பசுமைக்குத் தோம்பு எங்கே?

இவ்வளவு எழுதியது பனிக்கண்டத்தை வியந்து நின்றுவிடுவதற்கன்று. மனிதர் வாழாத நிலத்தின் பாசியை ஏழு குழிக் கட்டத்தில் எண்ணி வைத்துள்ளனர். நாம் வாழும் நிலத்தின் பனையை எவ்வளவு நுணுக்கமாக எண்ணி வைத்துள்ளோம்? போர்க்காலத்தில் பதுங்குகுழிக்கும் காவலரணுக்குமாகத் தறிக்கப்பட்ட பனைகளைப் பற்றிப் பலர் பல தொகை சொல்லக் கேட்டிருக்கின்றேன். எங்கள் ஊரில் இன்ன இடத்தில் இத்தனை நின்றன, இத்தனை போயின என்று பழைய கணக்கை முன்வைத்துச் சொன்னாரை நான் கண்டதில்லை. கண்டல் மரங்களும் அவ்வாறே; களப்போரத்திலே எவ்வளவு குறைந்தது என்று கேட்டால், "முந்தி நிறைய நின்றது" என்பதே விடை. முந்தி நிறைய என்பது துயரம், கணக்கன்று. அதனை எந்தச் சபையிலும் எந்த நீதிமன்றத்திலும் முன்வைத்தல் இயலாது.

நற்காலமாக, முதற்பதிவு முற்றாக அழிந்துபோகவில்லை. லாண்ட்சற் செய்மதிகள் 1972 தொட்டு எடுத்த படங்கள் களஞ்சியப்படுத்தப்பட்டுள்ளன. 2008 முதல் அவை யாவர்க்கும் இலவசம். சென்ரினல் படங்களும் அவ்வாறே. 1986 இன் அந்தாட்டிக்காவைப் பின்னோக்கிக் கண்டதுபோல, 1986 இன் வலிகாமத்தையும் பின்னோக்கிக் காணலாம். மூன்றரைப் பரப்புக் கட்டத்திலே தனிப்பனை தோன்றாது. ஆனால் பனங்கூடல் தோன்றும். மற்றைய புல்பூண்டு கருகும் ஆடி ஆவணியிலும் பனை பசுமை மாறாது நிற்றலின், அப்பருவத்துப் படங்களை எடுத்துக்கொண்டால் அதனைப் பிரித்தறியும் வாய்ப்பும் உண்டு.

விண்ணிலிருந்து காண்பதைப் பல்கலைக்கழகத்துப் புவியியலார் செய்யட்டும். அதனை மண்ணிலே சரிபார்க்கும் பணியைப் பாடசாலைகள் ஏற்கலாம். ஒவ்வொரு பாடசாலையும் தன் சுற்றுவட்டத்தில் ஒரு கூடலை, ஒரு குளக்கரையை, ஒரு கண்டற்கரையைத் தெரிந்து, ஆண்டுதோறும் அதே மாதத்தில் அங்கு நிற்கும் மரங்களை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுவிக்க வேண்டும். எண்ணாது விட்டது எது என்பதையும் எழுதவேண்டும். குறிப்பேட்டின் ஒரு படி பாடசாலை நூலகத்திலும் மற்றொரு படி பிரதேச செயலகத்திலும் இருக்கட்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டாம். ஓர் ஆசிரியரும் பத்து மாணவரும் ஒரு காலைப்பொழுதும் போதும்.

ஒல்லாந்தர் நம் மரங்களை எண்ணியது தம் வரிக்காக. நம் மரங்களை நாம் எண்ணுவது நம் பிள்ளைகளுக்காக. வரும் ஆடி மாதத்திலேயே எங்கள் பாடசாலையில் இதனைத் தொடங்க எண்ணியுள்ளேன். பிற ஊர் ஆசிரியர்களும் தத்தம் ஊரிலே தொடங்குவார்களாயின், இன்னும் முப்பத்தைந்து ஆண்டின் பின்னர் நம் பேரப்பிள்ளைகள் "முந்தி நிறைய நின்றது" என்று சொல்லவேண்டியிராது. எத்தனை நின்றது என்று சொல்வர்.